சீட்டுப் பணமும் சிவப்புக் காரும்

சிவகாசியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரைப் போடலாம், பெயரைப் போடக் கூடாது என்று நிபந்தனை. அப்படியே ஆகட்டும். நாலு பக்கக் கடிதத்தை முழுவதும் அச்சிட இங்கே இடமில்லை. முக்கியமான பகுதி இதுதான்:

"எங்கள் வீட்டுக்காரர் தங்கமானவர். வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது. வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். அவருக்கு உள்ள ஒரே பைத்தியம் பழைய ஸ்போர்ட்ஸ் கார். வருகிற தீபாவளியோடு நான் கட்டி வந்த 3 லட்ச ரூபாய்ச் சீட்டு முடிகிறது. அதில் ஒரு கார் வாங்கலாமா என்கிறார். பெங்களூரில் ஸான் ஸ்டார்ம் என்று ஒரு சிவப்பு வண்டி இருக்கிறதாம். இரண்டே பேர்தான் உட்காரலாமாம். கோவில்பட்டியில் ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் 1966-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறதாம். இரண்டில் எது என்று ராத்திரியெல்லாம் பேசுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. 2018-ல் ஆலைகள் பூட்டிக் கிடந்தபோது என் வளையல்கள் எங்கே போயின என்பது எனக்குத்தானே தெரியும்? நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும், அக்கா."

"மனசு வரவில்லை" என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் எழுதத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி, "இந்த மனுஷருக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றுதான் முடியும். நீங்கள் புத்தி சொல்லச் சொல்லவில்லை, வழி கேட்கிறீர்கள். அது பெரிய வித்தியாசம்.

சிவகாசிக்காரருக்கு இயந்திரத்தின் மேல் ஆசை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கும் ஊர் 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிற்று. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது; இரண்டுக்கும் லேபிள் வேண்டுமே, அச்சு இயந்திரமும் வந்தது. மயில், புலி, ரோஜாப்பூ, மோட்டார் கார் என்று அந்த லேபிள்களில் வராத படம் உண்டா? நாள் முழுவதும் படம் அச்சடிக்கிறவர் ஒரு நாள் காரையே கேட்கிறார், அவ்வளவுதான்!

ஆனால் வளையல் விஷயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. வெளியூர் வாசகிகளுக்காக ஒரு வார்த்தை. 2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. பேரியம் கலந்த வெடிகள் கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்யலாம் என்று. அடுத்த மாதமே ஆலைகள் கதவடைத்தன, மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஆலை மூடினால் கந்தகக் கடை மட்டுமா மூடும்? குழாய் சுற்றும் பெண்கள், லாரிக்காரர்கள், லேபிள் அச்சடிப்பவர்கள் எல்லாருடைய அடுப்பும்தான் அணையும். பட்டாசுப் பணம் பருவத்துக்குப் பருவம் வருகிற பணம். ஒரு வருஷம் கை நிறையக் கொடுக்கும், மறு வருஷம் கையை விரிக்கும். இப்படிப்பட்ட வீட்டில் பழைய காரின் விலையைப் பற்றி ராத்திரியெல்லாம் பேசிப் பிரயோஜனமில்லை. பசு வாங்குகிறவர்கள் விலையை மட்டுமா கேட்கிறார்கள்? தினம் எவ்வளவு தீனி தின்னும், நோய் வந்தால் வைத்தியர் பக்கத்தில் உண்டா என்றும் கேட்பார்கள். அதைத்தான் நாமும் கேட்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்னவென்று உங்கள் வீட்டுக்காரர் ஏற்கனவே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்த அளவில், சிறியது, லேசானது, தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பது, வளைவில் சொன்னபடி திரும்புவது. கொள்ளை வேகம் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஜப்பானில் மாஸ்டா கம்பெனி 1989-ல் 'மியாட்டா' என்று இப்படி ஒரு குட்டிக் கார் கொண்டுவந்தது. 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகள் செய்துவிட்டார்கள். மேல்நாடுகளில் நடுத்தரக் குடும்பத்து வாலிபர்கள் அதைப் பழையதாக வாங்கி ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு வழியில்லை. பழம்பெரும் வண்டிகள் போன்ற விலக்குகள் போக, மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரை இறக்குமதி செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த எம்.ஜி. போன்ற வண்டிகள் இப்போது சேகரிப்பாளர்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்த நகை மாதிரி இருக்கின்றன. சீட்டுப் பணத்துக்கு அவை படியா.

ஆகையால் நம் ஊர் ஆசைக்காரர்கள் வீட்டில் இருந்ததை வைத்தே சமைத்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை அங்கேதான் நடத்திற்று. நாலு நாள் முன்பு வீட்டுக்குக் காய்கறி சுமந்த ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே பந்தயம் ஓடின. பிற்பாடு கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 என்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்று ஒற்றை ஆசனப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வண்டியைத்தான். ஆகவே என்ஜின் சின்னது என்று யாராவது உங்கள் வீட்டுக்காரரைக் கேலி செய்தால் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி சிவப்பு வண்டியைப் பார்ப்போம். ஸான் ஸ்டார்ம் 1990-களின் கடைசியில் இந்தியாவில் தயாரான இரண்டு ஆசன வண்டி. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். என்ஜின் ரெனோ கம்பெனியுடையது, 1149 சி.சி., 60 குதிரைச் சக்தி. உடம்பு ஃபைபர் கிளாஸ். துருப் பிடிக்காது, ஆனால் அடிபட்டால் நெளியாமல் விரிசல் விடும். நம்மூர் டிங்கரிங் பட்டறைக்காரர் சுத்தியலோடு வந்து பார்த்துவிட்டுச் சுத்தியலோடு திரும்பிப் போவார். அதைவிடச் சங்கடம், இந்த வண்டி விற்றதே கொஞ்சம். அந்த என்ஜினோடு பிரெஞ்சுக்காரர்கள் விற்ற கிளியோ கார் நம் நாட்டுக் கடைகளுக்கு வரவே இல்லை. ஒரு பாகம் போனால் சாத்தூரிலும் கிடைக்காது, மதுரையிலும் கிடைக்காது. போதாததற்கு அது கர்நாடகப் பதிவு வண்டி. அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டிப் பதிய வேண்டும். இதெல்லாம் போகட்டும். இரண்டு குழந்தைகளும் மாமியாரும் இருக்கும் வீட்டுக்கு இரண்டு ஆசனக் கார்! யாரை வீட்டில் விட்டுப் போவது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பஞ்சாயத்து வைக்க வேண்டியதுதான். நான் இதற்கு ஓட்டுப் போடமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புத்தியை மட்டும் கேட்டால் அது 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6-ஐயோ, 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி வி-டெக்கையோ காட்டும். முதலாவது 100 குதிரைச் சக்தி, இரண்டாவது 106. பார்க்கச் சாதாரண வீட்டுக் கார், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேறு பிறவி. ஐந்து பேர் உட்காரலாம், குளிர்சாதனமும் உண்டு. பாலியோ பெட்ரோலை மோர் மாதிரிக் குடிக்கும், அது ஒன்றுதான் குறை. ஆனால் இவை ஓடினவரை கம்ப்யூட்டர் மூளையோடு ஓடிய வண்டிகள். இருபது வருஷம் தாண்டிய பிறகு அந்த மூளை மக்கர் செய்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். தவிர, கொட்டகையில் நிற்கும் ஹெரால்டைப் பார்த்து வந்த மனுஷரிடம் போய் ஹோண்டா சிட்டி என்றால், பாயசம் கேட்டவருக்குக் கஞ்சி கொடுத்தது போல முகம் வாடிப்போகும்.

இப்போது ஹெரால்டு. என் மனசு இதன் பக்கம்தான் சாய்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். அப்போது அந்தக் கம்பெனிக்கு ஒரு கஷ்டம். காரின் முழு உடம்பையும் ஒரே அச்சில் அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனியாக ஒரு சேஸி செய்து, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். கஷ்டத்தில் பிறந்த யோசனை, ஆனால் பழைய வண்டி வாங்குகிறவருக்கு இன்று அதுவே வரம். ஒரு பக்கம் துருப் பிடித்தால் அந்தத் துண்டைக் கழற்றலாம், செய்யலாம், மாட்டலாம். 1962-ல் அதே கம்பெனி இந்தச் சேஸியைக் குறுக்கித்தான் 'ஸ்பிட்ஃபயர்' என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. ஆக, உங்கள் வீட்டுக்காரர் கேட்பது ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறந்த அண்ணனைத்தான். அதிலும் ஒரு லாபம். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் சீமையில் இன்னும் ஏராளமாக இருப்பதால் இரண்டுக்கும் பொதுவான பாகங்களை இன்றைக்கும் அங்கே புதிதாகச் செய்கிறார்கள். தபாலில் வரும். சுங்கவரி உண்டு. பழைய பாகம் போதுமென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

நம் ஊரில் 1961 முதல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைச் செய்தது. 948 சி.சி. என்ஜின்; நாற்பதை ஒட்டிய குதிரைச் சக்தி. இரண்டே கதவு. நம்மூர்க் குடும்பங்களில் பாட்டிமார்கள் முன் ஆசனத்தை மடக்கிப் பின்னால் ஏறி உட்காரப் பட்ட பாடு கம்பெனியின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். பின்னால் வேறெந்த நாட்டிலும் இல்லாத நாலு கதவு ஹெரால்டை இங்கே செய்தார்கள். எழுபதுகளில் அதுவே 'கேஸல்' என்று உருமாறிற்று. உங்களுடையது 1966 என்றால் இரண்டு கதவுதான். மாமியார் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்!

குறையையும் மறைக்கவில்லை. இதன் பின் சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி ஆடும் ஆக்ஸிலில் தொங்குகின்றன. வேகமாக வளைவில் நுழைந்து, பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுத்தால், சக்கரம் உள்பக்கம் மடங்கிப் பின்புறம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீராகப் போக வேண்டும். பிரேக் டிரம் வகை. நாற்கரச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இந்தக் காலத்துக் கார் மாதிரி நிற்காது. அந்தக் காலத்தில் ஆசனப் பட்டை கிடையாது, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் காட்ட வேண்டிய வண்டி அல்ல இது. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ப் பால்கோவா வாங்கித் திரும்புகிற வண்டி. 25 அடி வட்டத்துக்குள் வளைந்து திரும்பிவிடும். உங்கள் ஊர்த் தெருக்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வண்டி கோவில்பட்டியில் நிற்கிறது என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் உண்டு. பழைய காருக்கு எமன் கிலோமீட்டர் அல்ல, துரு. தூத்துக்குடியிலோ சென்னைக் கடற்கரையிலோ உப்புக் காற்றில் கிடந்த வண்டி, வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே அப்பளமாக நொறுங்கும். கரிசல் சீமையின் வறண்ட காற்றில் நின்ற வண்டிக்கு இரும்பு பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். ரப்பரும் ஒயரும்தான் வெயிலில் காய்ந்து போயிருக்கும், அவை சில்லறைச் செலவு. ஆனாலும் அந்தப் பெரியவர் அதைக் கோவில்பட்டியிலேயே வைத்திருந்தாரா, கடலோர ஊரிலிருந்து கொண்டுவந்தாரா என்று விசாரியுங்கள். பேச்சுவாக்கில் கேட்பதில் நமக்குச் சமானம் யார்?

பார்க்கப் போகும்போது நீங்களும் போங்கள். ஆசைப்பட்டவர் கண்ணுக்கு ஓட்டை தெரியாது. கையில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கியின் தரை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேல் தகரம் போனால்கூடப் பரவாயில்லை. சேஸியில், அதிலும் பக்கவாட்டில் நீளும் கைகளில், துரு தின்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காபி கொடுத்தாலும் உட்காராதீர்கள். ஹெரால்டின் முன்மூடி முழுவதுமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். என்ஜின் மொத்தமும் கண்ணெதிரே தெரியும். எண்ணெய்க் கசிவு, தண்ணீர்க் கசிவு, வெடித்த ஹோஸ் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. புகையையும் கவனியுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவது. என்ஜினைப் பிரிக்கிற செலவு. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவது. கார்புரேட்டரைச் சரிசெய்தால் போதும். வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால் தண்ணீர் உள்ளே புகுகிறது.

சிவகாசிக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய கார்கள் சில சமயம் சைலன்சர் வழியே 'டமார்' என்று வெடிக்கும். வேறு ஊரில் குழந்தைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். உங்கள் ஊரில் அது சிரிக்கிற காரியமா? தீக்குச்சியைக் கூட வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடும் ஆலைகள் இருக்கும் ஊர். லேபிள் கட்டுகளைக் கொடுக்க உங்கள் வீட்டுக்காரர் ஆலைகளுக்குப் போகிறவராயிற்றே. அந்த வேலைக்கு இந்தக் கார் கூடவே கூடாது. இதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1966-ல் செய்த ரப்பருக்கு அந்தச் சரக்கு பழக்கமில்லை. பெட்ரோல் குழாயும், பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் ஊறி, இளகி, ஒழுக ஆரம்பிக்கும். வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் செலவு அவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதுதான். பெயிண்ட், சீட்டு உறை எல்லாம் அப்புறம்.

காகித விவகாரம் சுருக்கமாக. ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 15 வருஷம் கடந்த காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரியும் உண்டு. 50 வருஷம் கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம் என 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கௌரவம்தான், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் தெருவில் எடுக்கலாம். பால்கோவா வாங்கப் போக முடியாது! ஆகவே சாதாரணப் பதிவு அறுந்துபோகாமல் இருக்கிற வண்டியாக இருந்தால்தான் நமக்கு ஆகும். என்ஜின் எண்ணையும் சேஸி எண்ணையும் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் பணம். சீட்டில் வரும் 3 லட்சத்தில் 1 லட்சத்தைத் தொடவே கூடாது. அது வண்டிக்கு அல்ல, உங்கள் வளையலுக்கு. அந்தப் பாஸ் புத்தகம் உங்களிடம் இருக்கட்டும். மிச்சம் 2 லட்சத்தில் விலை பாதியைச் சற்றுத் தாண்டலாம். மீதியை முதல் வருஷப் பழுதுக்கு ஒதுக்குங்கள். பெரியவர் அதற்கு மேல் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். கொட்டகையில் நிற்கும் ஹெரால்டுக்கு வரிசை கட்டி ஆள் நிற்கவில்லை; ஒரு மாதம் கழித்து அவரே சொல்லி அனுப்புவார். வாங்குவதற்கு முன்பே, அச்சு இயந்திரத்துக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் உங்கள் ஊர் லேத் பட்டறைக்காரரையும், கார்புரேட்டர் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கையும் பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இரண்டு பேர் கிடைக்காவிட்டால் காரும் வேண்டாம்.

இன்னும் ஒரே ஒரு நிபந்தனை. சீட்டுக் கட்டியது நீங்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் மாற வேண்டும். அவர் ஓட்டட்டும், துடைக்கட்டும், ராத்திரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், சொந்தக்காரி நீங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் இப்போதே எடுக்கப் பழகுங்கள். கிளட்ச் கொஞ்சம் கனமாக இருக்கும், பத்து நாளில் பழகிவிடும்.

கோவில்பட்டிக்குப் போவதானால் காலை ஏழு மணிக்குள், சொல்லாமல் போங்கள். முன்கூட்டிச் சொன்னால் ஒரு தரம் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள்; சூடான என்ஜின் எதையும் காட்டிக் கொடுக்காது. முதலில் முன்மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சாவியைக் கேளுங்கள்.